எல்லார் நோயும் அம்மா பெயரில்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலம். செல்போனுக்குள் மட்டும் உன் அம்மா கவலைக்கிடமாக இருக்கிறாள்.

போன முறை வந்தபோது ஏற்றிக்கொடுத்தாயே, கேட்டால் பதில் சொல்லும் மருத்துவ ஆப், அதைத்தான் சொல்கிறேன். மாடிவீட்டுக் கல்லூரிப் பெண் "தலைவலி, என்ன மாத்திரை" என்று தட்டிவிட்டு, பதிலைப் பாதி படித்து ஓடிவிடுகிறாள். எனக்கு அப்படி முடியுமா? வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, முழங்கால் வலியை அது தொடங்கிய பஸ் டிப்போ வேலையிலிருந்து வாயாலேயே சொல்லிக்கொண்டு வருவேன். கதையில் டிப்போ மேலதிகாரி வருவதற்குள் அது, வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று குறுக்கே விழும். பெரியவர்களிடம் பேசத் தெரியாத ஜென்மம். சரி, என் கதையை விடு. உன் அம்மா தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் குறட்டை, என் தங்கை மகளின் மசக்கை, எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைப்பது, எல்லாவற்றையும் தன் பெயரிலேயே கேட்டிருக்கிறாள். அது என்ன செய்யும் பாவம், அறுபது வயதில் மசக்கையோடு பல்லும் முளைக்கிறவளை உடனே டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டது. நானும் பதறி, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளைக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் படித்துச் சிரித்துவிட்டு, "இதுல உங்க நோய் எதும்மா?" என்றார். "எனக்கென்ன டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் உன் அம்மா.

திரும்பும் வழியில் அவள் கேட்டவற்றை நானும் படித்தேன். பாதிக்கு மேல் நீதான். போனில் நீ இருமியது, குரல் கம்மியிருந்தது, வீடியோவில் கண்ணுக்குக் கீழே கறுத்துத் தெரிந்தது. உன்னையே கேட்கலாமே என்றேன்.

"அவகிட்ட கேட்டா ஒண்ணுமில்லம்மான்னு வெச்சிடுவா. இதாவது நின்னு பதில் சொல்லுது."

உன்னைப் பார்க்காமல் எனக்கும்தான் ஏக்கமாக இருக்கிறது, நான் யாரிடம் கேட்பது?

அதற்காக நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். லீவைச் சேர்த்து வை. வேளைக்குச் சாப்பிடு. நல்லா இரும்மா.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து நானும் அதனிடம், வணக்கம்கூடச் சொல்லாமல், ஒரே வரியில் கேட்டேன், மகள் எப்போது வருவாள் என்று. இது மருத்துவக் கேள்வி இல்லை, சம்பந்தப்பட்டவரையே கேளுங்கள் என்றது. மரியாதை தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்திருக்கிறது. கேட்கிறேன். எப்பம்மா வர்றே?