மீனுக்கு முறைப்பெண் பார்த்த கதை

இலங்கையின் அத்தனை கல்யாணத் தரகர்களும் ஒன்றாகச் சேர்ந்து வந்தாலும் எங்கள் செட்டை ஐயாவுக்கு ஈடாக மாட்டார்கள். என்ன, அவர் சம்பந்தம் பேசியதெல்லாம் மீன்களுக்கு.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம். மலையகத்தில் கினிகத்தேனைக்குப் பக்கத்தில் ஒரு மீன் வளர்ப்பு நிலையத்தில் நான் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அழிந்துவரும் விரல் நீள ஓடை மீனொன்றைப் பெருக்கி, குஞ்சுகளைத் திரும்ப ஓடையில் விடுவது எங்கள் வேலை. யாழ்ப்பாணத்து அதிகாரியான ஐயா, ஓடையில் பிடித்தது, தொட்டியில் பிறந்தது எல்லாவற்றின் துடுப்புச் செட்டையிலும் கடுகளவு வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்புவார். வெட்டுமுன் மீனிடம், "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்பார். அந்த மரியாதை எங்களுக்குக் கிடையாது.

சோதனை முடிவைப் பார்த்து, எதற்கு எது சொந்தம் என்று கொப்பியில் எழுதுவார். சொந்தத்துக்குள் சோடி சேர்ந்தால் குஞ்சுகள் நோஞ்சானாகும். ஓடையில் விட்டால் அங்குள்ள வம்சமும் கெடும்.

ஒருமுறை அவர் ஒரு மாதப் பயிற்சிக்குக் கொழும்பு போனார். மூன்றாம் தொட்டி ஆணுக்கு ஏழாம் தொட்டிப் பெண் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் மறுநாளே செத்து மிதந்தது. கொப்பியைப் புரட்டினேன். ஐந்தாம் தொட்டியில் ஒருத்தி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் மகள்! என் சம்சாரமும் மாமன் மகள்தான். மனநிறைவோடு சேர்த்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் குஞ்சுகளைப் பார்த்துப் பூரித்தார். ஏழாம் தொட்டிப் பெண் செத்ததைச் சொன்னேன். "அப்ப ஆர் காணும் பொம்பிளை?"

"மாமன் மகளுங்க ஐயா. நல்ல எடம்."

"உமக்குப் பைத்தியமே? சொந்தத்துக்க வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"அண்ணன் தங்கச்சி கூடாதுன்னு நெனச்சேங்க. எங்க தோட்டத்து லயத்துல மாமன் மகளத்தானுங்க கட்டுவோம்."

"நீர் கட்டும். மீன் கட்டப்படாது!"

வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். அந்த யோசனையில் மீன் தீனியைத் தொட்டிக்குப் பதில் என் தேநீரில் போட்டுக் கலக்கி, பாதி குடித்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

குஞ்சுகள் ஓடைக்குப் போகாது என்றானதும், விசாரிக்கக் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். "இந்தச் சோடியைச் சேர்த்தது யார்?"

வாயைத் திறந்தேன்.

"நான்தான்," என்றார் செட்டை ஐயா. "மாற்றுச் சோடி எதெண்டு எழுதி வைக்காமல் போனனான். பிழை என்ர."

பெரியவர் போனதும், "ஐயா..." என்று இழுத்தேன்.

"வாயைப் பாராமல் தொட்டியைக் கழுவும்!"

அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதன்பிறகு எத்தனையோ அதிகாரிகளிடம் திட்டு வாங்கிவிட்டேன். இன்னொரு தரம் கேட்க வேண்டும் போலிருப்பது அவருடைய திட்டு மட்டும்தான்.