சாப்பிடாமல் கூடிய மூன்று கிலோ

"ஒரு ரொட்டிகூட முழுசா இறங்கலையா?"

ஹார்மோன் சார் கேட்டு முடிப்பதற்குள் அவருடைய மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். ரொட்டியில் ஓரம் மட்டும் கிள்ளப்பட்டிருந்தது. சூப்பில் கரண்டி பட்ட அடையாளமே இல்லை.

"பசிக்கலங்க."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"நேத்தும் பசிக்கல."

ஹார்மோன் சார் என்பது ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்த பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஹார்மோன் பிரிவு அவருடையது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே நோயாளிகளின் ரத்தம் வரும், நோயாளிகள் வருவதில்லை. ஒட்டுச்சீட்டு ஒட்டிய குழாய்கள் வரும்; அவற்றை இயந்திரத்தில் வைப்பார், எண் வரும், எழுதி அனுப்புவார். யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லாத வேலை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரே மகள் வேலை கிடைத்து வெளிநாடு போனாள். அதிலிருந்துதான் மனைவியின் சாப்பாடு குறைந்தது. மகள் இருந்தவரை சாப்பாட்டு மேஜையில் ஓயாமல் பேச்சு. "சாப்பிடும்போது வாயை மூடிட்டுச் சாப்பிடுங்களேன்" என்று அம்மாவையும் பெண்ணையும் அவர் அதட்டாத நாளில்லை. இப்போது அந்தக் கவலையில்லை. கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அன்று அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எத்தனையோ இருந்தது. ஆனால் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: இது எந்த ஹார்மோனின் வேலை?

மறுநாள் ஆஸ்பத்திரி லிஃப்டில் உணவு ஆலோசகரைப் பிடித்தார்.

"மேடம், வீட்டுல சாப்பிடவே மாட்டேங்கிறாங்க."

"உடம்பு அசையணும் சார். காலையில அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்க. தானாப் பசிக்கும்."

விடியற்காலையில் இருவரும் பூங்காவில் நடந்தார்கள். நடந்தார்கள் என்றால், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் போனார். அவள் பத்தடி பின்னால் வந்தாள்.

"என்னங்க, அந்தப் பூவைப் பாருங்களேன்."

"நிக்காத. நாடித்துடிப்பு இறங்கிடும்."

அவள் பூவைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆலோசகர் சொன்னது பொய்யில்லை. நடந்து வந்ததும் பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் கிள்ளியது அவருடைய வயிற்றை. மூன்று முட்டை, ஐந்து ரொட்டி, அவள் வைத்துவிட்டுப் போன ஒரு ரொட்டி என்று வெளுத்துக் கட்டினார். அவள் ஒரு கோப்பை தேநீரோடு எழுந்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டிலும் மாற்றமில்லை. இருந்ததைவிடக் குறைந்துதான் போயிருந்தது.

நடை தொடங்கிய அன்று எடை பார்த்திருந்தார்; இரண்டு வாரம் கழித்து அவளை மறுபடி எடை இயந்திரத்தில் ஏற்றினார். பயந்துகொண்டே குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"ஒரு கிலோ கூடியிருக்கு!"

"மெஷின் பழசுங்க," என்றாள் அவள், சட்டென்று இறங்கி.

ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சிப் பிரிவிலிருந்து ஐந்து கிலோ இரும்புக் குண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து வைத்துப் பார்த்தார். ஐந்து கிலோ என்று அச்சாகக் காட்டியது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. அப்படியானால் கோளாறு மனைவியிடம். சாப்பிடாமலே எடை ஏறுகிறது! இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கேஸ் அவர் பார்த்ததில்லை. அவருக்குக் கவலையாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதைப் பிற்பாடு நினைத்து நினைத்து வெட்கப்பட்டார்.

"நடை போதாது," என்று அறிவித்தார். "மூச்சு வாங்குற மாதிரி வேலை செஞ்சாத்தான் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும். சுரந்தா கொழுப்பு கரையும், தசை கெட்டியாகும்."

"நாப்பத்தொன்பது வயசுல நான் இன்னும் எவ்வளவுங்க வளரணும்?"

"இது அந்த வளர்ச்சி இல்லம்மா. ஏறு."

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் ஐந்து மாடி. காலையில் மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். முதல் இரண்டு நாள் அவரும் கூடவே ஏறினார். மூன்றாம் நாள் அவருடைய முழங்கால் பந்துபோல வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டாம் மாடிப் படியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, "வேகம்! வேகம்!" என்று குரல் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சமையலறை மேஜையிலேயே ரத்தம் எடுத்தார். ஏறுவதற்கு முன் ஒரு குழாய், ஏறிய பின் ஒரு குழாய். அவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "வலிக்குதா?" என்று கேட்க வாயெடுத்தவர், குழாயில் நுரை கட்டுவதைப் பார்த்து அதை மறந்துபோனார்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார்.

"ஆறு மடங்கு! ஆறு மடங்கு ஏறியிருக்கு!"

இரவுச் சாப்பாட்டின்போது அவரால் வாயை மூட முடியவில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பி ஒன்று இருப்பதையும், உடம்பு திணறும்போது அது எப்படி விழித்துக்கொள்கிறது என்பதையும், அசந்து தூங்கும்போது இன்னும் எப்படிக் கொட்டுகிறது என்பதையும் ரொட்டியைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து, கரண்டியால் காட்டி விளக்கினார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நடுவே இரண்டு கேள்விகூடக் கேட்டாள். "பட்டாணி அளவா! அதுக்கா இவ்வளவு அதிகாரம்?" என்று சிரித்தாள். பேசிக்கொண்டே தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தாள்.

'படிக்கட்டின் பலன்' என்று அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் இரவு சொல்வதற்கு எண் எதுவும் இல்லை. அவர் வழக்கம்போல அவளுடைய தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். தட்டு பழையபடி அப்படியே எழுந்து போயிற்று.

அவர் மீண்டும் உணவு ஆலோசகரிடம் ஓடினார்.

"அடடா, அவ்வளவு கடுமையாவா பண்ண வச்சீங்க?" என்றார் அந்தம்மா. "மூச்சு வாங்க ஓடினா பசி கொஞ்ச நேரம் செத்துடும் சார். பசி ஹார்மோன் இறங்கிடும். அப்புறம் மெதுவா எழும்பி வரும். ஆளுக்கு ஆள் மாறும்."

அவர் கணக்குப் போட்டார். இரவு எட்டு மணிக்குப் பசி எழும்ப வேண்டுமென்றால் மாலை ஐந்தரைக்கு ஏற வேண்டும். ஆகவே காலைப் படி மாலைப் படியானது. அதுவும் பலிக்கவில்லை என்றதும் காலையிலும் மாலையிலும் என்றானது. அவள் ஒரு நாளும் முடியாது என்று சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினாள். ஒரே ஒரு நாள் அவர் உட்கார்ந்திருந்த படியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரம் இப்படியே பேசிட்டு இருப்போமாங்க?"

"இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்கே."

அவள் எழுந்து ஏறினாள். அந்த முதுகு மேல்மாடி வளைவில் திரும்பி மறைந்தது அவருக்குப் பிற்பாடு அடிக்கடி ஞாபகம் வந்தது. அப்போது அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் போனது. மனைவி மூன்று கிலோ கூடியிருந்தாள். அவர் ஆறு கிலோ. பெல்ட்டுக்கு ஆணியால் புதுத் துளை போட வேண்டி வந்தது.

அதற்குள் பரிசோதனைக் கூடத்திலும் குட்டு வெளிப்பட்டது. தலைமை டாக்டரம்மா ஒரு கட்டுத் தாளோடு அவர் முன்னால் வந்து நின்றார்.

"பெயரே இல்லாம பதினாலு பரிசோதனை பண்ணியிருக்கீங்க. யாரோட ரத்தம் இது?"

"என்... என் மனைவியோடது மேடம்."

டாக்டரம்மா திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பிறகு என்ன தோன்றியதோ, தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு. ரொம்ப ஆரோக்கியமான பொம்பளை. என்ன பிரச்சினை?"

அவர் சொன்னார். சாப்பிடுவதில்லை, ஆனால் எடை ஏறுகிறது என்று மூச்சு விடாமல் சொன்னார்.

"பகல்ல என்ன சாப்பிடுறாங்க?"

"பகல்ல நான் இங்கே இருக்கேனே மேடம்."

"போன் பண்ணிக் கேக்க மாட்டீங்களா?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். காலை ஏழரை மணிக்கு அவர் பஸ் பிடிக்கப் போனபிறகு அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு நாள்கூட அவர் யோசித்ததில்லை.

"அவங்ககூட உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்க, ஹார்மோன் சார்."

"தினமும் கூடத்தான் மேடம் உட்காருறேன்."

"உட்கார்ந்து?"

"தட்டைப் பார்ப்பேன்."

டாக்டரம்மா தாள்களை அவர் கையிலேயே கொடுத்தார். "அரை நாள் லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க," என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. மணியடித்தார். தட்டினார். எதிர்வீட்டுக்காரர் தலையை நீட்டினார்.

"இந்த நேரத்துல அவங்க வீட்டுல இருக்க மாட்டாங்களே. பின்தெரு தையல் கடைக்குப் போயிருப்பாங்க."

அவருக்குத் தெரியாதது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. வீங்கிய முழங்காலோடு படி இறங்கினார். பின்தெருப் பக்கம் அவர் போனதே இல்லை; பஸ் நிறுத்தம் முன்பக்கம் இருந்தது.

கடை தென்படுவதற்கு முன்பே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நான்கைந்து அடி நடந்த பிறகுதான் அது யாருடைய சிரிப்பு என்று அவருக்குப் புரிந்தது. அந்தச் சிரிப்பு மகளோடு விமானம் ஏறிப் போய்விட்டதாக அல்லவா நினைத்திருந்தார்!

கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், துணி வெட்டும் நீள மேஜை மேல் பழைய செய்தித்தாளை விரித்து மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவருடைய மனைவி. ஒரு கையில் ரொட்டி. இன்னொரு கையால் காற்றில் எதையோ வரைந்து காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றால் சாப்பிட்டாள், சாப்பாடு நின்றால் பேசினாள். காலித் தட்டை நீட்டினாள். யாரோ நிரப்பினார்கள். அதையும் காலி செய்தாள். விரலைச் சூப்பினாள்.

அவர் கையிலிருந்த தாள்கள் வியர்வையில் ஈரமாகிவிட்டன. பதினாலு பரிசோதனைகள். பட்டாணி அளவு சுரப்பி. ஐந்து மாடி. அந்த ஒரு இரவு மட்டும் அவள் ஏன் தட்டைக் காலி செய்தாள் என்பது இப்போது மெல்ல விளங்கியது. உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும்போல இருந்தது. போவதற்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் இருந்தது.

மனைவி கை கழுவ உள்ளறைக்குப் போனாள். தையல்காரப் பெண் ஒருத்தி வாசலுக்கு வந்தாள்.

"என்ன சார், துணி வாங்க வந்தீங்களா?"

"இல்ல... உள்ளே இருக்காங்களே, அவங்க... தினமும் இங்கேதான் சாப்பிடுறாங்களா?"

"அக்காவா? ஏழெட்டு மாசமா எங்ககூடத்தான். இப்போ ஏதோ படிக்கட்டு ஏறுறாங்களாம், பசி ரெண்டு மடங்காயிடுச்சு!" என்று சிரித்தாள் அவள். பிறகு உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம் சார், வீட்டுல யாருமே இல்லாதவங்க. ஆமா, நீங்க யாரு?"