குழாயில் ஒரு தட்டு

நாலு மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறார். அதற்குள் இந்தக் கட்டடத்தின் வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல், ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு நின்றார்.

மூன்று மாதத்துக்கு முன் மகள் பிடித்துக் கொடுத்த வீடு. "கலைஞர்கள் இருக்கிற தெருப்பா. குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். மாடியில் வயலின்காரி, கீழே நாடகக்காரர்கள், எதிர் பால்கனியில் புல்லாங்குழல். மனுஷன் கண்ணயர வழியில்லை. வாடகைக்கு வேறொருவரைக் குடிவைத்துவிட்டுக் கிளம்பிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார்.

முதல் நாள் மாடியில் வயலினுக்குச் சுதி சேர்க்கும் கீச்சுச் சத்தம் கேட்டதும், சுவரோரத் தண்ணீர்க் குழாயில் 'டங்'கென்று ஒன்று போட்டார். ஒரு நொடி அமைதி. பிறகு வயலின் முழுமூச்சாகக் கிளம்பியது. மறுநாள் இரண்டு போட்டார். குழலும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் ஆத்திரத்தில் விடாமல் மொத்தினார். கீழே நாடகக்காரர்கள் குதித்துக்கொண்டு பாடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"திமிரைப் பாத்தியா!"

"அது சரி, உங்க கால் ஏன் ஆடுது?" என்றாள் மனைவி.

"மரத்துப்போச்சுடி. உதர்றேன்."

பச்சைப் பொய். முப்பது வருஷம் எஞ்சினைக் காதாலேயே சோதித்தவர். அத்தனை சத்தமும் ஒரு இடத்தில் வந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்போது அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். எந்தப் பட்டறையிலும் இப்படி ஒரு ஓட்டத்தை அவர் கேட்டதில்லை. ஆனால் திட்டிய வாயால் எப்படிப் பாராட்டுவது?

மனைவி ஸ்பேனரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். "நீங்க தட்டத் தட்ட அதிகமாத்தான் ஆகுது. இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க."

வந்தவர் ஒரு குமாஸ்தா. அறையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மாடியில் கீச்சென்றது. மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. தெருவே மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"அடடா, என்ன அமைதி! நாளைக்கே குடி வந்துடறேன்" என்றார் குமாஸ்தா.

சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நடுரோட்டில் எஞ்சின் நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது மெக்கானிக்குக்கு.

"பீரோ சாவி எங்கடி?"

"எதுக்கு?"

பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. வாசலில் வயலின்காரி, கையில் வில்லோடு. பின்னால் படிக்கட்டு நிறைய நாடகக்காரர்கள்.

"உடம்புக்கு முடியலையா மாமா? நீங்க தட்டினாத்தானே நாங்க ஆரம்பிப்போம்!"