சீல் நைனா திரும்ப வாங்கிய காகிதங்கள்

நவம்பர் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். மழை இல்லை, காற்று இல்லை. காசிமேட்டுக் கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடந்தது. அப்போதுதான் சீல் நைனா என் வீட்டுக் கதவைத் தட்டினார். இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை அவரைப் போல விற்றவரும் இல்லை, விற்றதை அவரைப் போலத் திரும்ப வாங்கியவரும் இல்லை.

அவர் விற்றது கடல் வானிலை. காற்று எவ்வளவு வேகம், அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதெல்லாம் இணையத்தில் யாருக்கும் இலவசம். நைனா தினமும் மாலை நாலரைக்கு அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, வட்டமான ரப்பர் முத்திரை ஒன்றைக் குத்தி, தாள் ஐந்து ரூபாய்க்கு விற்பார். துறைமுகக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் மூட்டைகளுக்கு முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை அடங்கவில்லை. மொய்க் கவரில் குத்துவார். டீக்கடைக்காரர் அசந்தால் பிஸ்கட் பொட்டலத்திலும் குத்துவார்.

லாபத்தில் ஒரு ரூபாயும் அவருக்கில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள் பதினொரு பேரைப் படிக்க வைக்கும் சின்னச் சங்கம் ஒன்றை நடத்தினார். அதற்குப் பொருளாளர் நான். வேறு யாரும் அந்தப் பொறுப்புக்குச் சம்மதிக்கவில்லை.

"சும்மா கிடைக்கிறதை யார் நைனா காசு கொடுத்து வாங்குவாங்க?" என்று ஆரம்பத்தில் கேட்டேன். பதில் சொன்னது பக்கத்தில் நின்ற மீன்காரம்மா ஸ்டெல்லா.

"இன்னா சார், புரியாத பேசிக்கினு கீற? ஃபோனு எங்கூட்டு ஆளு கையில கீது. கடலுக்குப் போணும்னா நேத்து வந்ததைக் காட்டி நல்லா கீதும்பான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள பாக்கெட்ல போட்டுக்குவான். பேப்பர்னா தேதி கீது, சீலு கீது. செவுத்துல ஒட்டிட்டு, போகாதன்னு போட்டுக்கீது, கம்முனு குந்துன்னு சொல்லலாம்ல?"

வாங்கியவர்கள் அத்தனை பேரும் மனைவிமார்தான். டீசல் காசு அவர்களிடம். தாளைப் பார்க்காமல் காசு வெளியே வராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நைனா வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"சார், வானிலை மாறிப்பூச்சு. நாலரைக்குப் போலாம்னு இருந்துச்சு. இப்ப போகாதன்னு போட்டுக்கீறான். நான் அறுவத்து மூணு பேப்பரு சீல் குத்தி வித்துட்டேன்."

"புதுசா அச்செடுத்துக் கொடுத்திடுங்க."

"அது எப்டி சார்? ரெண்டும் ஒரே தேதி, ரெண்டுலயும் எஞ்சீலு. ஆம்பள எத்தைத் தூக்கிக் காட்டுவான்? போலாம்னு கீறதைத்தான். பழசைத் திரும்ப வாங்கியே ஆவணும். சங்கத்துப் பணத்தை எடு."

"நாளைக்கு மூணு பசங்களுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டணும், நைனா."

"பன்னெண்டாவதா ஒரு புள்ள பேரு எழுத உனக்குக் கை வருமா சார்?"

எனக்கு வராது. பீரோவைத் திறந்தேன்.

முதல் வீடு ஸ்டெல்லாவுடையது.

"அஞ்சுக்கு வாங்குனேன், பத்துக்குத் தாரேன்."

"அடிப்பாவி, உம்புருசன் உசுரும்மா இது!"

"அதான் பத்து. வேற விஷயமா இருந்தா அம்பது கேட்டிருப்பேன்."

செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. அடுத்த தெருவில் விலை இருபது. ஓர் அம்மாள் போன மாதத்துத் தாள்கள் ஒன்பதைக் கொண்டுவந்து நீட்டினார். நைனா அதற்கும் காசு கொடுத்தார். நான் தடுத்தபோது, "எஞ்சீலு கீதே சார்" என்றார். எட்டு மணிக்குள் அறுபத்திரண்டு தாள்கள் வந்துவிட்டன. சங்கத்தில் நாற்பது ரூபாய் மிச்சம்.

கடைசித் தாளை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டு பீட்டர் என்பவர் துறைமுகத்தில் தன் படகுக்கே போய்விட்டிருந்தார். நான்கு ஆட்களோடு, ஐஸ் ஏற்றி, புறப்படத் தயாராக நின்றார்.

"இன்னா நைனா, உன் சீலுதானே? காத்தே இல்ல பாரு."

"மாறிப்பூச்சு பீட்டரு. எறங்கு."

"ஏத்துன ஐஸுக்கு யாரு காசு குடுப்பா? உங்க சங்கமா?"

நைனா வேட்டியை மடித்துக் கட்டிப் படகில் ஏறி, ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப நானும் வரேன். எஞ்சீலு, எந்தலை."

"யோவ், பேஜாரு பண்ணாத. எறங்கு."

"நீ எறங்கு, நான் எறங்குறேன்."

அவருக்கு வயது அறுபத்தெட்டு. சர்க்கரை நோய். நீச்சல் தெரியாது. ராத்திரி மாத்திரையும் போட்டிருக்கவில்லை. பீட்டர் இன்ஜினை இயக்கினார். நைனா இரண்டு கைகளாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஐஸ் காசு நான் தரேன்!" என்று கரையிலிருந்து கத்தினேன். பேரம் பேசவும் தோன்றவில்லை.

பீட்டர் இன்ஜினை நிறுத்தினார். விடிவதற்குள் காற்று வந்தது. கட்டிக் கிடந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி விளிம்பு உடைந்தன. பரீட்சைக் கட்டணத்தைப் பத்து நாள் தாமதமாகக் கட்டினோம். பள்ளியில் திட்டு வாங்கியது பொருளாளர்.

நான் கொடுத்த ஐஸ் காசை அடைக்க நைனா நூறு ரூபாயோடு அவ்வப்போது வருகிறார். சில்லறையாக வாங்கினால் கணக்குக் குழம்பும், மொத்தமாகக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். மொத்தமாகச் சேர்க்க அவரால் முடியாது. வழியிலேயே எந்தப் பிள்ளைக்காவது செருப்பு வாங்கிவிடுவார். தெரிந்துதான் சொல்கிறேன். ஐஸுக்கு மூவாயிரத்து நானூறு, இறங்கி வந்தபோது கை சில்லிட்டிருந்த அவருக்கு வாங்கிக் கொடுத்த டீக்குப் பதினைந்து. ஆக மூவாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபாய்.