பொங்குமாங்கடல் சித்தரின் பஸ்பம்

உலகம்மாளின் உயிருக்கு விலை எழுநூறு ரூபாய். பேரம் கிடையாது, ஜிபே உண்டு.

சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி, அருவியை விட்டுவிட்டு ஐந்தருவி சாலையில் ஒரு லாட்ஜ் வாசலில் நின்றது. உள்ளே பொங்குமாங்கடல் சித்தர். மலைமேல் பன்னிரண்டு வருடம் தவமிருந்து வெள்ளைப் பஸ்பத்தோடு இறங்கியவர். (தவம் செய்த குகையில் ஏசி இருந்திருக்க வேண்டும், மேனி அப்படி.) நோயாளி தன் கையால் பஸ்பத்தின்மேல் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். உடம்பில் நோய் இருந்தால் பொங்கும். இதுவரை பொங்காமல் திரும்பியவர் ஒருவருமில்லை. நாட்டில் அவ்வளவு நோய்!

தென்காசியில் மளிகைக்கடை வைத்திருக்கும் லிங்கேஸ்வரன் லேசுப்பட்டவரல்ல. துவரம்பருப்பைக் கடித்துப் பார்க்காமல் மூட்டையை இறக்க விடமாட்டார். அப்பேர்ப்பட்டவர், மனைவி உலகம்மாள் பிழிந்ததும் பஸ்பம் நுரைத்ததைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி கொடுத்த சரக்கை நாக்கில் வைத்துச் சோதிப்பது மரியாதையா?

சித்தரின் உத்தரவு சுருக்கமானது. பிரஷர் மாத்திரையை நிறுத்து. எழுநூறு ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கி, மூன்று வேளையும் ஒரு கரண்டி பஸ்பம் கரைத்துக் குடி. ஒரு வாரத்தில் உலகம்மாளுக்குக் கால் வீங்கி, தலை சுற்றியது. கெட்டது இறங்குகிறது என்று சொல்லி, சித்தர் இன்னும் இரண்டு டப்பா கொடுத்தனுப்பினார்.

திருவேங்கடத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் யோகலட்சுமி வந்து அம்மாவின் காலை அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது. மாத்திரையை நீட்டினாள். சாமி சொல்லாமல் தொடமாட்டேன் என்றாள் உலகம்மாள். சரி, சாமியிடமே போவோம் என்று இருவரையும் கிளப்பினாள் மகள்.

அன்று சித்தர் புதுக் கார் எடுத்திருந்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. யோகலட்சுமி குனிந்து, முன்சக்கரத்துப் பழத்தைச் சுற்றிலும் டப்பாவிலிருந்த பஸ்பத்தைக் கொட்டினாள். என்ன பக்தி என்று கூட்டம் மெச்சியது. கார் நகர்ந்தது. பழம் நசுங்கியது. சக்கரத்தடியில் நுரை பொங்கியது.

“சாமி, காருக்கும் பிரஷரா?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தர் இறங்கி வந்து, அந்தப் பழத்தில் தோஷம் என்றார்.

“அப்ப சீக்கு பழத்துக்குத்தான? எங்க அம்மைக்கு எதுக்கு மாத்திரைய நிறுத்தச் சொன்னீரு?”

பதிலுக்குக் காத்திராமல் அப்பாவின் உள்ளங்கையில் மீதிப் பஸ்பத்தைத் தட்டினாள். “பருப்புன்னா கடிச்சுப் பாக்குதியல்லா, இதையும் நாக்குல வச்சுப் பாருங்க.”

லிங்கேஸ்வரன் வைத்தார். கரித்தது. முகம் தொங்கியது.

“ஏட்டி, இது நம்ம கடை ஆப்ப சோடால்லா.”

பாவம், ஆப்ப சோடா ஒரு குற்றமும் செய்யவில்லை. மாவில் ஒரு சிட்டிகை போட்டால் ஆப்பம் உப்பும்; வயிற்றுக்குக் கேடில்லை. புளிப்புப் பட்டால் யார் பிழிந்தாலும் நுரைக்கும். கரண்டி கரண்டியாகக் குடித்தால்தான் அதிலுள்ள உப்புச்சத்து பிரஷர்காரருக்கு எமன்.

உலகம்மாள் சித்தரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மகளிடம் கையை நீட்டினாள். “மாத்திரைய எடு. டாக்டரையும் பாத்துட்டுப் போவோம்.”

சித்தர் லாட்ஜின் பின்வாசலைத் தேடிப் போனார். கூட்டம் டப்பாக்களோடு அவரைத் தேடிப் போனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து லிங்கேஸ்வரன் கணக்குப் போட்டார். மூன்று டப்பா, இரண்டாயிரத்து நூறு. உள்ளேயிருந்த சோடா, நாற்பது. மீதி இரண்டாயிரத்து அறுபது, யோசிக்கிற வேலையை அடுத்தவனிடம் விட்டதற்குக் கூலி. தானே பார்த்திருந்தால் ஓசி. ஆஸ்பத்திரி பில் இன்னும் பாக்கி.