மூச்சு வாங்காத மனிதர்

மூச்சு வாங்காத மனிதர் என்றோர் இனம் உண்டு. எங்கள் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் ஜூலை பிறந்தால் போதும், பனியாற்றைப் பார்க்கச் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். இவர்களுக்குக் களைப்பே வராது. காட்சி ரசிக்க மட்டும் அடிக்கடி நிற்பார்கள்!

எங்கள் ஃப்ளூரினையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது அறுபத்து மூன்று. பேட்டரி சைக்கிளை, "மோட்டார் வச்ச நாற்காலி" என்பார். இந்தக் கோடையில் அவர் மனைவி லதினா அந்த நாற்காலியில் ஏறிக்கொண்டு பந்தயம் கட்டினார்: மாதா கோயிலில் மதிய மணி அடிப்பதற்குள் ஃப்ளூரின் பனியைத் தொட வேண்டும். தவறினால் அவருக்கும் ஒரு பேட்டரி சைக்கிள். மானப் பிரச்சினை!

பனி எந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்று வழிநெடுகப் பலகை நட்டிருக்கிறார்களே, விஞ்ஞானத்துக்காக என்றா நினைத்தீர்கள்? 1970 பலகையில் ஃப்ளூரின் இறங்கி, கழுத்தைத் துடைத்து, "இங்க வரைக்கும்... பனி... நான் சின்னப் பையனா..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிப்பதற்குள் நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடும். 1980இல் மாமாவின் பசு பனிப்பிளவில் விழுந்த கதை. 1990இல் அதே பசு மறுபடி விழுந்தது.

"ஏங்க, மூச்சு வாங்குதா?"

"எனக்கா? மாட்டைப் பத்திப் பேசிட்டிருக்கேன்ல!"

2000க்குப் பிறகு பலகைக்கும் பலகைக்கும் தூரம் கூடிக்கொண்டே போகிறது. பனி அவ்வளவு வேகமாகப் பின்வாங்குகிறது. அந்த வெறும் கல்வெளியைப் பார்த்தால் எனக்குக் கவலை வரும். ஃப்ளூரினுக்கு விலா வலிக்கும். நின்று கதை சொல்லப் பலகை இல்லையே!

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம். போன இலையுதிர்காலத்தில் நட்ட கடைசிப் பலகையை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

"தொட்டுட்டேன்!"

"பலகையைத் தொட்டீங்க. பனி எங்க?"

எதிரே நூறு தப்படிக்குக் கல்லும் சேறும். அதற்கப்பால்தான் அழுக்கு வெள்ளையாய்ப் பனி.

"போன வருஷம் இங்கதானே இருந்துச்சு!"

கீழேயிருந்து மணியோசை வந்தது. ஃப்ளூரின் மெதுவாகத் திரும்பி, இடுப்பில் கைவைத்து, மலையை ரசிக்க ஆரம்பித்தார்.

"நல்லாப் பாருங்க," என்றார் லதினா. "சிவப்பு வாங்கலாமா, நீலமா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். லிஃப்ட் ஓடாத நாளில் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று, ஒலிக்கவே ஒலிக்காத செல்போனை எடுத்து உற்றுப் பார்ப்பீர்களே, அப்போது சொல்லுங்கள்: கூப்பிட்டது யார்?