பதிவர் செத்துப்போன வியாழக்கிழமை

மட்டக்களப்பு வாவிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் பதிவரைப் போல வலைப்பூவில் எழுதித் தள்ளிய மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. அவரைப் போல யாருமே வாசிக்காத மனிதரும் பிறக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

கல்லடியில் போட்டோகொப்பி கடை வைத்திருந்தார். வங்கி வேலைக்கு வந்த நான் பக்கத்து வீட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன். அடையாள அட்டையைப் பிரதி எடுக்கப் போனால், "பொறுங்க தம்பி, பதிவு ஏறுது" என்பார். அது ஏறி முடியும்வரை மெஷினைத் தொட மாட்டார். வாவியில் நண்டு எப்போது கொழுக்கும், கச்சான் காற்றுக்கு எந்த வீட்டுக் கூரைத் தகரம் பறக்கும், எந்தக் கடையில் இடியப்பம் சிறுத்துவிட்டது, எல்லாம் வெள்ளிக்கிழமை தோறும் வலைப்பூவில் வந்துவிடும். இடியப்பக் கதையை யாரோ போய்க் கடைக்காரரிடம் சொல்லிவிட, அன்றிலிருந்து பதிவருக்கு அதைவிடச் சின்ன இடியப்பம்தான் கிடைத்தது.

குறை ஒன்றுதான். பதிவுக்குக் கீழே ஒரு குஞ்சும் கருத்து எழுதாது. "ஆரு வாசிக்காங்க? சும்மா சுவரோட கதைக்கீங்க" என்பார் மனைவி.

அப்போதுதான் உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றின் நிருபர் வந்து பேட்டி எடுத்தார். பதிவர் என்னிடம் டை இரவல் வாங்கி, ஸ்டூடியோவில் படம் பிடித்துக் கொடுத்தார்.

"இதுக்குப் புறகும் ஒருத்தரும் வராட்டி எழுதுறத்த உட்டுருவன் தம்பி. மனிசிக்கிட்டயும் சொல்லிட்டன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு மனதுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

வியாழக்கிழமை பேட்டி வந்தது. வந்த இடம்தான் வம்பு. எங்கள் பக்கத்தில் பேப்பரைப் பின்னாலிருந்துதான் வாசிப்போம். மரண அறிவித்தல்களைப் பார்த்து, போக வேண்டிய வீடு எது என்று தெரிந்த பிறகுதான் நாட்டு நடப்பு. அந்தப் பக்கத்தில், இரண்டு மரண அறிவித்தல்களுக்கு நடுவே, டை கட்டி முறைத்துக்கொண்டிருந்தார் பதிவர். பெயரும் கல்லடியும் கொட்டை எழுத்தில், பேட்டி பொடி எழுத்தில். டை கட்டிய மனிதர் அந்தப் பக்கத்துக்கு வேறு எதற்கு வருவார்?

மரண உதவிச் சங்கத்தார் கூடாரத்தோடு வந்து இறங்கினார்கள். மனைவி வாகரையில் தாய் வீட்டுக்குப் போயிருந்ததால் வீடு பூட்டிக் கிடந்தது. உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் என்று அவர்களாகவே முடிவு கட்டி, சந்தி வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டத் தொடங்கினார்கள்.

சந்தையிலிருந்து நண்டுப் பையோடு திரும்பிய பதிவர், ஏணி ஆடுவதைக் கண்டு ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறார்.

"ஆருப்பா நம்மட தெருவில?"

"போட்டோகொப்பி பதிவர்" என்றாராம் மேலே நின்றவர், குனிந்து பார்க்காமலே. "பாவம், நல்ல மனிசன்."

பதிவர் ஏணியை விடவில்லை. நல்ல மனிசன் என்றதும் இன்னும் கொஞ்சம் கேட்க ஆசை வந்துவிட்டது. "மறுகா என்ன சொல்றாங்க?" என்று விசாரித்திருக்கிறார்.

வங்கியில் பேப்பரை விரித்த நான், பேட்டியை அடியோடு மறந்து, மேனேஜரிடம்கூடச் சொல்லாமல் சைக்கிளில் பறந்து வந்தேன். செத்த மனிதர் ஏணி பிடித்துக்கொண்டு நிற்கிறார். சைக்கிளைப் போட்டுவிட்டு ஏணியின் மறு காலை நானும் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் காத்தான்குடியிலிருந்து ஒரு வேன் வந்தது. இறங்கியவர் ஒரு புடவைக் கடை முதலாளி. சாரம் கட்டி நின்ற பதிவரைப் படத்தில் கண்ட டைக்காரரென்று அவருக்குத் தெரியவில்லை.

"எப்ப எடுக்காங்க?" என்று அவரிடமே கேட்டார். கண் கலங்கியிருந்தது. "முகத்தக் கண்டதில்ல. எழுத்துத்தான் பழக்கம். வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி வந்தா ஊட்டில எல்லாருக்கும் நான்தான் வாசிச்சிக் காட்டுற. தகரம் பறந்த கதைக்கு எங்கட உம்மா சிரிச்ச சிரிப்பு இரிக்கே..."

பதிவர் நண்டுப் பையைக் கை மாற்றிக்கொண்டார். கடைசியில், "அப்ப ஒரு கருத்துப் போட்டிருக்கலாமே நானா" என்றார், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில்.

"தமிழ்ல டைப் பண்ணத் தெரியாதே தம்பி. இங்கிலீசில போட்டா மனிசன் கோவிப்பாரெண்டு உட்டுட்டன்."

சொல்லி முடித்ததும் அவருக்குப் பொறி தட்டியது. கையில் பேப்பரில் டை கட்டிய முகம், எதிரே நண்டுப் பையோடு ஒரு முகம். நானா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேப்பரைக் கீழே போட்டுவிட்டுப் பதிவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஏறாவூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் வாசிப்பவர்கள், ஒருவருக்கும் டைப் பண்ணத் தெரியாது. கூடாரத்தைக் கழற்றப் போன சங்கத்தாரைப் பதிவர் தடுத்துவிட்டார். "கிடக்கட்டும். நம்மட ஆக்கள் வெயில்ல நிக்காங்க." சாவு வீட்டுக் கதிரைகளில் அவர்களை இருத்தி, பிளேன் டீ ஊற்றிக் கொடுத்து, அடுத்த பதிவை வாயாலேயே சொல்லிக்காட்டினார். எழுத்தை விடுகிற பேச்சு அத்தோடு போய்விட்டது.

நான் கொழும்புக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பதிவு கொஞ்சம் பிந்தினாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. போன் எடுத்து, நண்டு விலை கேட்கிற சாக்கில் அவர் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.